சந்தனத் தொழிலில் விடுபட்ட பங்காளி

பல்கலைக்கழகமும் தொழிற்சாலையும் கைகோத்து ஆய்வு செய்ய வேண்டும் என்ற பேச்சு இன்று கல்வி மாநாடுகளில் தவறாமல் எழுகிறது. சென்னை ஐஐடி 2010இல் தொடங்கிய ஆய்வுப் பூங்கா அதற்கு முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது. இந்த நாட்டில் இது புதிய முயற்சி அல்ல. நூறாண்டுகளுக்கு முன்பே மைசூர்ச் சீமையில் ஓர் ஆய்வுக்கூடமும் ஓர் அரசும் சேர்ந்து, நான்கு ஆண்டுகளுக்குள் ஒரு முழுத் தொழிலை நிறுவிக் காட்டின. அந்தத் தொழில் சந்தன எண்ணெய். அதன் கிளைதான் நம் வீட்டுக் குளியலறைகளை எட்டிய மைசூர் சாண்டல் சோப்.

அந்தக் கதையைப் பெங்களூரிலிருந்து சொன்னால் அது வெற்றிக்கதை. மார்டள்ளியிலிருந்து சொன்னால் அப்படி முடியாது. மாதேஸ்வரன் மலைக்கு அருகே, தமிழர் பெருமளவில் வாழும் ஊர் மார்டள்ளி. அது அடங்கிய கொள்ளேகால் பகுதி 1956 நவம்பர் 1 வரை சென்னை மாகாணத்துக் கோவை மாவட்டத்தில் இருந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையில் மைசூர் மாவட்டத்துக்குப் போனது. 1997இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதனுள் அடங்கியது. ஊரைச் சுற்றியுள்ள மலைக்காடு சந்தனம் இயல்பாக முளைக்கும் காடு. எண்ணெய் வடித்தவர்கள் பெங்களூரிலும் மைசூரிலும் இருந்தார்கள். மரம் நின்ற இடம் இதைப் போன்ற காட்டோரங்கள். கூட்டு ஆய்வு எங்கே வென்றது, எங்கே தோற்றது என்பதை அறிய இந்த இரண்டு இடங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

போர் அடைத்த சந்தை

1914 ஆகஸ்டுக்கு முன் மைசூர் அரசு சந்தன மரத்தைக் கட்டையாகவே ஏலத்தில் விற்றது. வாங்கியவர்கள் ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றினார்கள். எண்ணெய் வடித்தலில் முன்னணியில் இருந்தது ஜெர்மனி. நறுமணப் பொருளாக மட்டும் அந்த எண்ணெய் விலைபோகவில்லை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வராத அந்தக் காலத்தில் மேகவெட்டை நோய்க்கு அது மருந்தாக இருந்தது. பிரிட்டிஷ் மருந்துத் தொகுப்பு நூல் அதற்குத் தர அளவும் வகுத்திருந்தது. போர் மூண்டதும் ஜெர்மன் சந்தை ஒரே நாளில் அடைபட்டது. அரசுக் கிடங்குகளில் கட்டை தேங்கியது. காட்டு வருமானத்தில் பெரும்பங்கு சந்தனத்திலிருந்து வந்ததால் கஜானாவுக்கு இது நேரடி அடி.

அப்போது மைசூர் திவான் எம். விஸ்வேஸ்வரய்யா. தொழில் துறையின் இயக்குநர் ஆல்பிரட் சாட்டர்டன். சாட்டர்டன் சென்னைக்குப் புதியவர் அல்லர். பொறியியல் பேராசிரியராக அங்கே பணியாற்றியபோது அலுமினியப் பாத்திரத் தொழிலையும், குரோம் முறையில் தோல் பதனிடுவதையும், எண்ணெய் இயந்திரத்தால் கிணற்று நீர் இறைப்பதையும் முன்னெடுத்தவர். அரசே முன்மாதிரி ஆலை நடத்திக் காட்டினால்தான் தனியார் துணிவார்கள் என்பது அவருடைய கொள்கை. சென்னையில் அந்தக் கொள்கைக்கு வெள்ளையர் வணிக வட்டாரத்தில் கடும் எதிர்ப்பு இருந்தது. மைசூரில் அதற்கு இடம் கிடைத்தது.

அதே சீமையில், பெங்களூரில், ஆய்வுக்கூடமும் தயாராக இருந்தது. ஜாம்செட்ஜி டாட்டாவின் கொடையாலும் மைசூர் அரசு அளித்த 371 ஏக்கர் நிலத்தாலும் 1909இல் உருவான இந்திய அறிவியல் கழகம், பெங்களூர்க்காரர் வாயில் ‘டாட்டா இன்ஸ்டிடியூட்’. 1911இல் முதல் மாணவர்கள் சேர்ந்தனர். அங்கே கரிம வேதியியல் பேராசிரியர் ஜே.ஜே. சட்பரோ, பொது வேதியியலில் எச்.இ. வாட்சன். கட்டையை இங்கேயே வடிக்க முடியுமா என்று சாட்டர்டன் அவர்களிடம் கேட்டார்.

ஆய்வுக்கூடத்திலிருந்து ஆலைக்கு

கேள்வி தெளிவானது, ஆனால் எளிதானது அல்ல. சந்தன எண்ணெய் மரத்தின் வைரத்தில் இருக்கிறது. வெளிப்புற வெள்ளை மரத்தில் மணம் இல்லை. நல்ல வைரத்தில் எண்ணெய் நூற்றுக்கு 3 முதல் 6 பங்கு வரை. வேரில் இன்னும் அதிகம். அதனால்தான் சந்தனத்தை அடியில் வெட்டாமல் வேரோடு தோண்டி எடுப்பார்கள். மணத்துக்குக் காரணமான சாண்டலால் என்ற பொருளின் கொதிநிலை மிக உயர்ந்தது. ஆகவே கட்டையைச் சீவி, தூளாக்கி, நீராவியை இரண்டு மூன்று நாள்வரை விடாமல் செலுத்தினால்தான் எண்ணெய் முழுதும் இறங்கும். நீராவி குறைந்தால் எண்ணெய் கட்டையிலேயே தங்கும். சூடு மிகுந்தால் மணம் கெடும். விறகுச் செலவு, தூளின் பருமன், கொதிகலனின் வடிவம் ஆகிய ஒவ்வொன்றும் இலாபத்தைத் தீர்மானித்தது.

சட்பரோவும் வாட்சனும் கண்ணாடிக் குடுவையில் தொடங்கி, பெரிய வடிகலன் வரை அளவை ஏற்றிச் சோதித்தார்கள். எவ்வளவு எண்ணெய் கிடைக்கிறது, அதில் சாண்டலால் பங்கு மருந்துத் தொகுப்பு நூலின் அளவை எட்டுகிறதா என்பவை அவர்கள் முன் இருந்த இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் விடை சாதகமாக வந்ததும் அரசு காத்திருக்கவில்லை. 1916, 1917 ஆண்டுகளில் பெங்களூரிலும் மைசூரிலும் ஆலைகள் எழுந்தன. கட்டையாகக் கப்பலேறிய சரக்கு எண்ணெயாக ஏறத் தொடங்கியது.

அடுத்த படி சோப். சோசலே கரளபுரி சாஸ்திரி என்ற இளம் வேதியியலாளரை அரசு இங்கிலாந்துக்கு அனுப்பி சோப்பும் நறுமணப் பொருளும் செய்யும் தொழில்நுட்பத்தைக் கற்கவைத்தது. அவர் திரும்பிவந்து உருவாக்கிய சோப் 1918இல் பெங்களூர் ஆலையிலிருந்து வெளிவந்தது. யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட சரபம் அதன் சின்னமாயிற்று. மக்கள் அவரை ‘சோப் சாஸ்திரி’ என்றே அழைத்தார்கள். 1944இல் ஷிமோகாவில் இன்னோர் எண்ணெய் ஆலை வந்தது. 1980இல் இவை அனைத்தும் ‘கர்நாடக சோப்ஸ் அண்ட் டிடர்ஜென்ட்ஸ்’ என்ற அரசு நிறுவனமாயின.

இந்த வேகத்துக்கு என்ன காரணம்? மூலப்பொருள், பணம், முடிவெடுக்கும் அதிகாரம் மூன்றும் ஒரே கையில் இருந்தன. ஆய்வுக்கூடம் கேள்வியைத் தானே கற்பித்துக்கொள்ளவில்லை, தேவைப்பட்டவர் கேட்டார். விடை கிடைத்தவுடன் அதைச் செயல்படுத்த ஆலை காத்திருந்தது. சாட்டர்டன் 1916-18 இந்தியத் தொழில் ஆணையத்தில் உறுப்பினராக இருந்ததில் வியப்பில்லை. தொழிலுக்கு உதவும் ஆய்வை அரசு நடத்த வேண்டும் என்ற அந்த ஆணையத்தின் வாதத்துக்கு மைசூர்ச் சந்தனம் கண்கண்ட சான்றாக இருந்தது.

இத்தனை சிறப்பான கூட்டில் ஒரே ஒரு குறை. மரம் எப்படி வளர்கிறது, யார் வளர்ப்பார்கள் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. சந்தனம் கிடங்கில் இருக்கிறது, காட்டில் இருக்கிறது, எப்போதும் இருக்கும் என்ற எண்ணத்தின் மேல் ஆலைகள் கட்டப்பட்டன.

மரத்தின் தன்மை

சந்தனம் பாதி ஒட்டுண்ணி. அதன் வேர் பக்கத்துச் செடிகளின் வேரைப் பற்றிக்கொண்டு உணவு உறிஞ்சும். இதை 1871இல் ஜான் ஸ்காட் கண்டறிந்தார்; பிறகு சென்னை மாகாணத் தாவரவியலாளர் சி.ஏ. பார்பர் அந்தப் பற்றுவேர்களை விரிவாக ஆராய்ந்தார். துணைச்செடி இல்லாத நாற்று தேறாது. விதையைப் பரப்புவன பறவைகள். வைரம் பிடிக்கவே பத்துப் பதினைந்து ஆண்டு. நல்ல எண்ணெய் தர முப்பது ஆண்டும் வேண்டும். ஒரே வயதுடைய இரண்டு மரங்களில் ஒன்றில் வைரம் திரண்டிருக்கும்; மற்றதில் பெயரளவுக்கே இருக்கும். ஆக, தொழிலின் அடித்தளம் ஒரு தலைமுறைக் காலம் பொறுமையாகக் காக்கப்பட வேண்டிய மரம்.

காடு நலியத் தொடங்கியதற்கான அடையாளமும் தொழில் பிறக்கும் முன்பே தென்பட்டது. 1899இல் குடகில் ‘ஸ்பைக்’ நோய் காணப்பட்டது. இலை சிறுத்து, கொம்பில் விறைத்து நிற்கும். இரண்டு மூன்று ஆண்டில் மரம் பட்டுப்போகும். 1917இல் மைசூர் வேளாண் துறையின் இயக்குநர் லெஸ்லி கோல்மன், நோயுற்ற மரத்தின் ஒட்டிலிருந்து நல்ல மரத்துக்கு நோய் பரவுவதை நிறுவினார். 1920களிலும் 30களிலும் இந்திய அறிவியல் கழகத்தின் உயிர்வேதியியல் துறை இந்நோயை ஆராய்ந்தது. குடகின் ஃபிரேசர்பேட்டையிலும் வட சேலத்துக் காடுகளிலும் நோய் பரப்பும் பூச்சியைத் தேடிப் பல்லாயிரம் பூச்சிகளைச் சேகரித்தார்கள். காரணமான நுண்ணுயிர் பைட்டோபிளாஸ்மா வகையைச் சேர்ந்தது என்பது மின்னணு நுண்ணோக்கியின் துணையால் 1969இல்தான் தெளிவாயிற்று.

எண்ணெய் வடிப்பதற்கான விடை இரண்டே ஆண்டில் கிடைத்தது. மரத்தைக் காப்பதற்கான முதல் விடைக்கு எழுபது ஆண்டு ஆயிற்று. நோய் கடினமானது என்பது உண்மை. ஆயினும் ஆலையின் கேள்விக்கு அவசரம் காட்டிய கூட்டு, காட்டின் கேள்விக்கு அதே அவசரத்தைக் காட்டவில்லை என்பதும் உண்மை. ஏலப்பணம் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த வரையில் மரம் சாவது கணக்கில் ஒரு சிறு கழிவாகவே தெரிந்தது.

சட்டமும் காட்டோர ஊரும்

மைசூரில் திப்பு சுல்தான் காலத்திலேயே, 1792இல், சந்தனம் அரசுக்குரிய மரமாக அறிவிக்கப்பட்டது. பின்வந்த ஆட்சிகள் அதை மாற்றவில்லை. உழவர் தம் நிலத்து வரப்பில் தானே முளைத்த கன்றும் அரசுக்கே சொந்தம். மரம் திருடு போனால் விசாரணை உழவர் வீட்டு வாசலில். இந்த நிலையில் அறிவுள்ள உழவர் என்ன செய்வார்? கன்று கண்ணில் பட்டதும் பிடுங்கி எறிவார். பலரும் அப்படித்தான் செய்தார்கள். ஆய்வுக்கூடம் எத்தனை நுணுக்கமாக எண்ணெய் வடித்தாலும், புதிய மரம் வருவதைத் தடுத்தது இந்தச் சட்டம்.

விலை ஏறிக்கொண்டே போனது. சட்டபூர்வமான சந்தனம் குறைந்துகொண்டே போனது. அந்த இடைவெளியில் கடத்தல் வளர்ந்தது. மார்டள்ளியைப் போலவே மாதேஸ்வரன் மலையைச் சுற்றிய ஊர்களில் ஒன்றான கோபிநத்தத்தில் பிறந்த வீரப்பன், யானைத் தந்தத்திலிருந்து சந்தனத்துக்கு வந்து, இருபது ஆண்டுகள் இரு மாநில அரசுகளையும் அலைக்கழித்தார். வன அதிகாரி பி. ஸ்ரீனிவாஸ் 1991இல் கொல்லப்பட்டார். பாலாறு கண்ணிவெடியில் 1993இல் 22 உயிர்கள் போயின. 2004 அக்டோபரில் தருமபுரி அருகே வீரப்பன் சுடப்பட்டு இறந்தார்.

இடையில் சிக்கியவர்கள் காட்டோர மக்கள். வீரப்பனைப் பிடிக்க இரு மாநிலங்களின் கூட்டு அதிரடிப்படை நடத்திய தேடுதலில் சித்திரவதைக்கு ஆளானவர்களின் முறையீடுகளைத் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழு கேட்டது. 2007இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிடப்பட்டது. தடா சட்டத்தில் பிடிபட்டு மைசூர்ச் சிறையில் பல்லாண்டு அடைபட்டவர்களில் பெரும்பாலோர் 2001இல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார்கள். ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் இந்த மலைகளின் அந்த நாள்களைப் பதிவு செய்தது.

இவ்வளவுக்கும் ஆய்வுக்கூடம் பொறுப்பு என்று சொல்வது அநியாயம். சட்பரோவும் வாட்சனும் கேட்ட கேள்விக்கு நேர்மையாக விடை சொன்னார்கள். கேள்வியை யார் கேட்டார்கள், யார் கேட்கவே விடப்படவில்லை என்பதுதான் இங்கே பொருள். கொள்ளேகால் மலையிலும் பிற சந்தனக் காடுகளின் ஓரங்களிலும் வாழ்ந்த ஒருவருக்கும் அந்தத் தொழிலில் பங்கு இருந்ததில்லை. சந்தனம் நின்றால் அவருக்கு இலாபமில்லை. வெட்டினால் கூலியோ சிறையோ கிடைக்கும். பங்கில்லாதவரைக் காவலாக நம்பி நூறாண்டு ஓட்டிய தொழில் மெலியாமல் என்ன செய்யும்? 1950களில் ஆண்டுக்குச் சுமார் 4,000 டன் என்று மதிப்பிடப்பட்ட இந்தியச் சந்தன உற்பத்தி பின்னர் சில நூறு டன்களுக்குச் சுருங்கியது. 1998இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த மரத்தை அழிவாபத்துக்கு உள்ளான இனமாகப் பட்டியலிட்டது. மைசூர் சோப்பைத் தயாரிக்கும் நிறுவனமே கேரளத்து மறையூர் ஏலத்தில் கட்டை வாங்கும் நிலை வந்தது.

அதே மைசூரில் இன்னொரு கூட்டு

வேறு வழியும் இருந்தது என்பதற்கு மைசூர் நகரிலேயே சான்று இருக்கிறது. செலுவாம்பா மாளிகையில் 1950இல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் தொடங்கியது. முதல் இயக்குநர் வி. சுப்ரமணியன், தமிழர். அதற்கு முன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், சந்தன நோய் ஆய்வு நடந்த அதே உயிர்வேதியியல் துறைக்குத் தலைமை வகித்தவர்.

அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கான பால்பொடி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தது. அது பசும்பாலில் செய்தது. நம் நாட்டில் மிகுதியாகக் கிடைப்பது எருமைப்பால். அதில் கொழுப்பும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கூடுதல். குழந்தையின் வயிற்றில் அது இறுகிய கட்டியாகத் திரளும், எளிதில் செரிக்காது. சுப்ரமணியனின் குழு கொழுப்பைக் குறைத்து, உப்புச் சேர்மங்களால் கட்டியின் இறுக்கத்தைத் தளர்த்தி, எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையைக் கண்டது. அதை எடுத்து ஆலைக்குக் கொண்டுவந்தது குஜராத்தின் ஆனந்த் நகரிலுள்ள கெய்ரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம். 1946இல் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் உழவர்கள் தொடங்கிய அமைப்பு அது. வர்கீஸ் குரியன் அதன் மேலாளர். 1960இல் அமுல் குழந்தை உணவு சந்தைக்கு வந்தது.

இங்கேயும் ஆய்வுக்கூடம் அரசினுடையது. கேள்வி தெளிவானது. ஆலை தயாராக இருந்தது. சந்தனத்தோடு ஒப்பிட வேறுபாடு ஒன்றே: ஆலை எருமை வளர்த்தவர்களுக்குச் சொந்தம். மைசூரில் கண்ட விடை பால் கறக்கும் வீட்டின் வருமானமாயிற்று. அதனால் மேலும் எருமை வாங்கினார்கள், மேலும் பால் வந்தது, ஆலை பெருகியது. சந்தனத்தில் ஆலையின் வெற்றி காட்டைக் குறைத்தது. பாலில் ஆலையின் வெற்றி மாட்டுக்கொட்டிலை நிரப்பியது. சுப்ரமணியன் பின்னாளில் தஞ்சை வட்டாரத்தில் நெல் பதப்படுத்தும் ஆய்வு நிறுவனத்தை வளர்த்ததிலும், விளைவித்தவர் பக்கத்திலேயே ஆய்வுக்கூடம் இருக்க வேண்டும் என்ற எண்ணமே தெரிகிறது.

இனிச் செய்ய வேண்டியது

சட்டம் இப்போது மாறியிருக்கிறது. கர்நாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் தம் நிலத்தில் வளர்த்த சந்தனம் உழவருக்கே சொந்தம் என்றன. அதற்குள் மேற்கு ஆஸ்திரேலியாவின் கனனாரா பகுதியில், 1990களின் இறுதியிலிருந்து இதே இந்தியச் சந்தனத்தைப் பாசன நிலத்தில் பெருமளவில் நட்டுவிட்டார்கள். எந்தத் துணைச்செடியோடு எந்த இடைவெளியில் நட வேண்டும் என்பதை ஆராய்ந்து நட்டார்கள். அவ்வாறு நட்ட முதலீட்டு நிறுவனம் பின்னர் தடுமாறியது.

இங்கே ஆய்வுக்குக் குறைவில்லை. பெங்களூரின் மர அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம் சந்தனத்தில் நீண்டகாலமாக உழைக்கிறது. மரத்தில் உணர்கருவி பொருத்தி வெட்டுபவரைக் கண்டறியும் முறையை ஹிட்டாச்சி இந்தியா நிறுவனத்தோடு சேர்ந்து சோதித்ததும் அதுவே. மாதேஸ்வரன் மலையிலேயே இன்னும் நல்ல முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது. பெங்களூரின் ‘ஏட்ரீ’ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம் சோளகர் பழங்குடியினரோடு சேர்ந்து, காட்டை மூடிய உண்ணிச்செடியின் தண்டை வேகவைத்து, பட்டை உரித்து, நாற்காலியும் மேசையும் முடையும் கைத்தொழிலை வளர்த்தது. காட்டுக்குக் கேடான களை, காட்டு மக்களின் மூலப்பொருளாயிற்று. அளவில் சிறியதுதான். ஆனால் அதில் காட்டோரத்தவர் ஆய்வின் பொருளாக இல்லை. தொழில் செய்பவராக இருக்கிறார்கள்.

சந்தனத்தில் அடுத்த கூட்டு ஆய்வு தொடங்கும்போது சில நிபந்தனைகள் முதல் தாளிலேயே இருக்க வேண்டும். முதலாவது, ஆய்வுக் கேள்வி உழவரிடமிருந்தும் வர வேண்டும். மரத்தைக் கொல்லாமல் வைரத்தை அளப்பது எப்படி, மழை குறைந்த மேட்டு நிலத்தில் எந்தத் துணைச்செடி பொருந்தும், நோய்த் தொற்று இல்லாத நாற்றை எப்படி உறுதிசெய்வது என்பவை மார்டள்ளி போன்ற ஊர்களின் கேள்விகள். ஆலைக்கு அவை இரண்டாம்பட்சமாகத் தெரியலாம். மரத்தின் எதிர்காலம் அவற்றில்தான் இருக்கிறது. இரண்டாவது, விலை. முப்பது ஆண்டு காத்திருக்கும் ஏழை உழவருக்கு மரத்தின் மதிப்பை ஈடாக வைத்துக் கடன் கிடைக்க வேண்டும். கட்டையின் விலை எண்ணெயின் விலையோடு பிணைக்கப்பட வேண்டும். மூன்றாவது, உழவர் கூட்டுறவு அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் தரப்பாக இருக்க வேண்டும். பயிற்சி முகாமில் சாப்பாடு போட்டு அனுப்பப்படும் பயனாளியாக உழவரை நிறுத்துவது பழைய பிழையைத் தொடர்வதாகும். நான்காவது, முடிவுகள் கன்னடத்திலும் தமிழிலும் வெளிவர வேண்டும். இந்த மலையின் மக்கள் இந்த இரு மொழிகளில்தான் கணக்குப் போடுகிறார்கள்.

பல்கலைக்கழகங்கள் தொழில் நிறுவனங்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களில் காப்புரிமை யாருக்கு, இலாபப் பங்கு எவ்வளவு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். மூலப்பொருளை விளைவிப்பவர் யார், அவருக்கு என்ன என்ற ஒரு பக்கம் பெரும்பாலும் இருப்பதில்லை. மைசூர்ச் சந்தனத்தின் நூறாண்டு, அந்த ஒரு பக்கம் இல்லாததன் விலையைக் காட்டுகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் துணைவேந்தர்களும் நிறுவனத் தலைவர்களும் அந்தப் பக்கத்தை முதலில் எழுத வேண்டும். மற்றவற்றை அதன் பிறகு எழுதட்டும்.